ஜீப் முள் காட்டிய வேகம் கோர்ட்டில் நிற்குமா?

கீழ் கோத்தகிரிப் பக்கம் மத்தியானம் தாண்டிவிட்டால் ரோட்டில் அதிகம் கண்ணில் படுவது இலை வண்டிகள்தான். பறித்த பச்சைத் தேயிலை சாக்கில் அடைந்து கிடந்தால் சூடேறும். சூடேறினால் சிவக்கும். சிவந்த இலைக்கு ஃபேக்டரியில் முகம் சுளிப்பார்கள். அதனால் தோட்டத்தில் எடை போட்டு முடித்ததும் பிக்கப் கிளம்பியாக வேண்டும். ரோட்டுக்கு இரண்டு பக்கமும் தேயிலை, நடுவே காட்டெருமை எப்போது இறங்கும் என்று தெரியாது, பனி இறங்கினால் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது.

அப்படி ஒரு வண்டி சோலூர்மட்டம் பக்கமிருந்து கோத்தகிரியை நோக்கிப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். பின்னால் வந்த போலீஸ் ஜீப் முந்திக்கொண்டு வந்து ஓரம் கட்டச் சொல்கிறது.

"ஏம்ப்பா, லோடு வண்டிய வெச்சுக்கிட்டு இவ்வளவு வேகமா? பின்னாடியே வர்றேன், எங்க வண்டியில அம்பத்தெட்டு காட்டுது."

"சார், இந்த வளைவுல எப்படிங்க சார் அம்பத்தெட்டு போகும்?"

"அதெல்லாம் தெரியாது. ஓவர் ஸ்பீடு. ஃபைன கட்டிட்டுக் கிளம்பு."

நூற்றுக்கு நூறு பேர் கட்டிவிட்டுக் கிளம்புவார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கட்டாமல் நின்று, "கோர்ட்டில் பார்த்துக்கொள்கிறேன் சார்" என்று சொல்லும் இலை வண்டி டிரைவர் அபூர்வம். ஒரு நாள் சம்பளம் போகும், வக்கீல் செலவு ஆகும், நாளைக்கும் இதே ரோட்டில் இதே ஜீப்பைத்தான் பார்க்க வேண்டும். இந்தக் கணக்கு அவருக்கு நன்றாகவே தெரியும்.

அவருக்குத் தெரியாத கணக்கு ஒன்று இருக்கிறது. பின்னாலேயே வந்து பார்த்த வேகத்தை வைத்து ஒருவரைத் தண்டிப்பது நம் நாட்டுச் சட்டப்படி அத்தனை சுலபமில்லை. மோட்டார் வாகனச் சட்டமே அதற்கு ஒரு தடுப்பு வைத்திருக்கிறது. ஓவர் ஸ்பீடுக்கு அபராதம் விதிக்கும் அதே பிரிவுக்குள்தான் அதுவும் இருக்கிறது.

183-க்குள் ஒரு மூன்று

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 112-ஆவது பிரிவு வேக வரம்பைச் சொல்கிறது. அதை மீறினால் தண்டனை என்ன என்பதை 183-ஆவது பிரிவு சொல்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு கார், பிக்கப் மாதிரியான இலகு ரக வண்டிக்கு 1,000 ரூபாயிலிருந்து 2,000 ரூபாய் வரை. நடுத்தர, கனரக வண்டிகளுக்கு 2,000-லிருந்து 4,000 வரை. இந்தத் திருத்தம் மற்ற மாநிலங்களில் 2019 செப்டம்பரிலேயே பேச்சாகிவிட்டது. தமிழ்நாட்டில் உயர்த்தப்பட்ட அபராதம் 2022 அக்டோபரில்தான் நடைமுறைக்கு வந்தது. இரண்டாவது முறை மாட்டினால் பணத்தோடு போகாது. லைசென்ஸையே பறிமுதல் செய்து ஆர்.டி.ஓ.வுக்கு அனுப்பலாம்.

இது எல்லோருக்கும் ஓரளவு தெரிந்ததுதான். அதே 183-இன் மூன்றாவது உட்பிரிவைத்தான் யாரும் எடுத்துப் படிப்பதில்லை. அது சொல்வது இவ்வளவுதான்: 'இந்த ஆள் சட்டவிரோத வேகத்தில் ஓட்டினார் என்பது என் கணிப்பு' என்று ஒரே ஒரு சாட்சி சொல்வதை மட்டும் வைத்து யாரையும் தண்டிக்கக் கூடாது. அந்தக் கணிப்பு ஓர் இயந்திரக் கருவி அல்லது மின்னணுக் கருவி கொடுத்த அளவின் மேல் நிற்கிறது என்று காட்டினால்தான் தண்டிக்கலாம். 'மின்னணு' என்ற சொல் 2019-இல் சேர்ந்தது. மற்றபடி இந்தப் பாதுகாப்பு புதிதல்ல. 1939-ஆம் ஆண்டின் பழைய மோட்டார் வாகனச் சட்டத்திலிருந்தே தொடர்ந்து வருகிறது.

காரணம் எளிமையானது. மனிதக் கண்ணுக்கு வேகம் தெரியாது. சத்தம் அதிகமாக வந்தால் வேகம் அதிகம் என்று தோன்றும். சைலன்சர் ஓட்டையான பழைய ஜீப் 30-இல் போனாலும் பறப்பதுபோல இருக்கும். புதுக் கார் 70-இல் போனாலும் மிதப்பதுபோல இருக்கும். குறுகலான ரோட்டில் எல்லாமே வேகமாகத் தெரியும்.

அப்படியானால் ஜீப்பின் டேஷ்போர்டில் இருக்கும் ஸ்பீடோமீட்டர் கருவி இல்லையா? வழக்கின் உயிரே இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. சும்மா ரோட்டோரம் நின்று 'வேகமாக வந்தான்' என்று சொல்வது வேறு. பின்தொடர்ந்து வந்து, தன் வண்டியின் முள்ளைப் பார்த்துச் சொல்வது வேறு. இங்கிலாந்தில் 1950-இல் நிக்கோலஸ் எதிர் பென்னி என்ற வழக்கில் இதே கேள்வி எழுந்தது. அங்கும் ஒற்றைச் சாட்சியின் கணிப்பு போதாது என்ற சட்டம் உண்டு. ஆனாலும், பின்தொடர்ந்த போலீஸ்காரர் தன் ஸ்பீடோமீட்டரைப் பார்த்துச் சொன்னால் அது வெறும் கணிப்பல்ல, அந்த மீட்டரைச் சோதித்ததற்குச் சான்று இல்லாவிட்டாலும் நீதிமன்றம் அதை ஏற்றுத் தண்டிக்கலாம் என்று தீர்ப்பானது. அந்தத் தீர்ப்பு நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் அரசுத் தரப்பு வக்கீல் விவரம் தெரிந்தவராக இருந்தால் அதை எடுத்துக்கொண்டுதான் வருவார்.

ஆகவே 'பின்னால் வந்து பார்த்தது செல்லவே செல்லாது' என்று டீக்கடையில் யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். செல்லும். ஆனால் அது சோதித்துப் பார்க்க வேண்டிய சாட்சியம். எப்படிச் சோதிப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மலைப்பாதையில் அந்தச் சோதனையைத் தாங்குவது கடினம் என்பது என் வாதம்.

முதல் கேஸே துரத்திப் பிடித்த கேஸ்தான்

உலகிலேயே வேகமாக மோட்டார் வண்டி ஓட்டியதற்காகத் தண்டிக்கப்பட்ட முதல் ஆள் என்று பெரும்பாலும் சொல்லப்படுபவர் வால்டர் அர்னால்ட் என்ற ஆங்கிலேயர். 1896 ஜனவரி, கென்ட் மாகாணத்தில் பாடக் வுட் என்ற ஊர். ஊருக்குள் மணிக்கு 2 மைல்தான் வரம்பு, அதுவும் ஒருவர் வண்டிக்கு முன்னால் நடந்துபோக வேண்டும். அர்னால்ட் போனது 8 மைல் வேகம், நம் கணக்கில் கிட்டத்தட்ட 13 கிலோமீட்டர். சாப்பிட்டுக்கொண்டிருந்த கான்ஸ்டபிள் எழுந்து சைக்கிளில் ஏறி 5 மைல் துரத்திப் பிடித்தார். வேகத்துக்கான அபராதம் ஒரு ஷில்லிங்.

சைக்கிளில் ஸ்பீடோமீட்டர் கிடையாது. துரத்தியவரின் மூச்சிரைப்புதான் அளவுகோல். அதற்குப் பிறகு 130 வருஷத்தில் உலகம் ரேடார், லேசர், நம்பர் பிளேட் படிக்கும் கேமரா என்று எங்கேயோ போய்விட்டது. மலைக் கிராமத்து ரோட்டில் மட்டும் இன்னமும் துரத்திப் பிடிக்கும் முறைதான் கைகொடுக்கிறது.

முள் சொன்ன 58, உண்மையில் எவ்வளவு?

பின்தொடர்ந்து வேகம் பார்ப்பதற்கு ஓர் அடிப்படை விதி உண்டு. முன்னால் போகும் வண்டிக்கும் பின்னால் வரும் வண்டிக்கும் இடையிலான தூரம் மாறவே கூடாது. இடைவெளி மாறாமல் இருந்தால்தான் இருவரின் வேகமும் ஒன்று. இடைவெளி குறைகிறது என்றால் பின்னால் வருபவர் கூடுதல் வேகத்தில் வருகிறார். முள் அப்போது காட்டுவது துரத்துகிறவரின் வேகத்தை.

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலம் இதைச் சட்டத்திலேயே எழுதிவைத்திருக்கிறது. போலீஸ் வண்டியின் ஸ்பீடோமீட்டரை வைத்து வேகம் பார்ப்பதானால் குறைந்தது பத்தில் மூன்று மைல் தூரம், அதாவது ஏறத்தாழ 480 மீட்டர், பின்தொடர்ந்திருக்க வேண்டும். அந்த ஸ்பீடோமீட்டர் ஓராண்டுக்குள் சோதிக்கப்பட்டிருக்க வேண்டும்.

480 மீட்டர் என்ற எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு மலை ரோட்டைப் பாருங்கள். இந்திய ரோடு காங்கிரஸ் என்ற அமைப்புதான் நம் நாட்டுச் சாலைகளின் அளவுகளை வகுக்கிறது. மலைச் சாலைகளுக்கான அதன் நெறிமுறைப்படி, அடுத்தடுத்த இரண்டு கொண்டை ஊசி வளைவுகளுக்கு நடுவே நேரான பகுதி குறைந்தபட்சம் 60 மீட்டர் இருந்தால் போதும். கொண்டை ஊசி வளைவின் வடிவமைப்பு வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர். நீலகிரியின் ரோடுகளில் பல வெள்ளைக்காரன் காலத்தில் மாட்டு வண்டிக்கும் குதிரைக்கும் வெட்டியவை. அந்த 60 மீட்டர்கூட எல்லா இடத்திலும் கிடைக்காது. 40 கிலோமீட்டர் வேகத்தில் 60 மீட்டரைக் கடக்க ஐந்தரை விநாடி. இந்த ஐந்தரை விநாடிக்குள் வளைவிலிருந்து வெளிவந்து, வேகம் பிடித்து, இடைவெளியைச் சமமாக்கி, முள்ளைப் பார்த்து, ரோட்டையும் பார்க்க வேண்டும். எந்த டிரைவரும் சொல்வார், ஆகிற காரியமில்லை.

நடப்பது வேறு. முன் வண்டி வளைவில் மறைகிறது. ஜீப் வேகமெடுக்கிறது. வளைவு தாண்டியதும் இலை வண்டி தெரிகிறது, ஜீப் நெருங்குகிறது. 6 விநாடியில் 30 மீட்டர் இடைவெளி குறைந்தது என்று வையுங்கள். விநாடிக்கு 5 மீட்டர். மணிக்கு 18 கிலோமீட்டர். அதாவது ஜீப் முன் வண்டியைவிட 18 கிலோமீட்டர் அதிக வேகத்தில் போயிருக்கிறது. முள்ளில் 58 என்றால் இலை வண்டி 40.

கணக்கு அதோடும் முடியவில்லை. ஸ்பீடோமீட்டர் எப்போதும் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும். அது பழுதல்ல, அப்படித்தான் செய்யப்படுகிறது. உலகின் பெரும்பாலான கார் கம்பெனிகள் பின்பற்றும் ஐ.நா.வின் 39-ஆம் எண் ஒழுங்குவிதிப்படி, மீட்டர் உண்மை வேகத்துக்குக் கீழே காட்டவே கூடாது. ஆனால் உண்மை வேகத்தில் பத்து சதவிகிதமும் அதற்கு மேல் 4 கிலோமீட்டரும் கூட்டிக் காட்டலாம். உண்மையில் 50-இல் போகும் வண்டியில் முள் 59 வரை நிற்கலாம், விதிக்கு உட்பட்டதுதான். இதைத் திருப்பிப் போட்டால், 58 காட்டும் ஜீப்பின் உண்மை வேகம் 49 ஆகவும் இருக்கலாம். அதில் துரத்திய 18-ஐக் கழியுங்கள். இலை வண்டி போனது 31.

டயர் தேய்ந்திருந்தால் சக்கரத்தின் சுற்றளவு சுருங்கி, முள் இன்னும் சற்றே கூடும். போலீஸ் ஜீப்பின் டயரைப் பற்றி மலைவாசிகளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

58 என்று எழுதப்பட்ட ஒரு சலான் 31-ஆகச் சுருங்குவது எல்லா வழக்கிலும் நடக்கும் என்று நான் சொல்லவில்லை. நேர் ரோட்டில், பட்டப்பகலில், ஒரு கிலோமீட்டர் தூரம் ஒரே இடைவெளியில் பின்தொடர்ந்து வந்த போலீஸ்காரரின் சாட்சியம் பலமான சாட்சியம்தான். அதை உடைப்பது கஷ்டம்; உடைக்கவும் கூடாது. ஆனால் கீழ் கோத்தகிரி ரோட்டில் அப்படி ஒரு கிலோமீட்டர் எங்கே இருக்கிறது என்று கேட்கலாம். பனி இறங்கிய சாயங்காலத்தில் இடைவெளியை எதை வைத்துக் கணித்தீர்கள் என்றும் கேட்கலாம்.

ஜீப்பில் இரண்டு பேர் இருந்தார்களே, ஒற்றைச் சாட்சி இல்லையே என்று அரசுத் தரப்பு சொல்லலாம். இதற்கும் இங்கிலாந்தில் ஒரு பழைய பதில் இருக்கிறது. 1938-இல் பிரைட்டி எதிர் பியர்சன் வழக்கில் இரண்டு கான்ஸ்டபிள்கள் வெவ்வேறு இடத்தில் வேகத்தைக் கணித்திருந்தார்கள். ஒருவர் சொன்னது மற்றவர் சொன்னதற்குத் துணையாகாது, இருவரும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் பார்த்திருக்க வேண்டும் என்பது தீர்ப்பு. ஜீப் ஓட்டியவரும் பக்கத்தில் உட்கார்ந்தவரும் ஒரே கணத்தில் முள்ளைப் பார்த்தார்களா? ஓட்டியவர் ரோட்டைப் பார்த்தாரா, முள்ளைப் பார்த்தாரா?

தராசுக்கு முத்திரை உண்டு, வேகத்துக்கு?

இலை எடை போடும் தராசைப் பற்றி நீலகிரியில் சண்டை வராத ஊர் குறைவு. சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழிப்பதில் விவசாயிக்கு ஆத்திரம் உண்டு. ஆனாலும் அந்தத் தராசு முத்திரையிடப்பட்டிருக்க வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. தொழிலாளர் துறையின் எடையளவு அதிகாரிகள் வந்து சோதிக்கலாம், முத்திரை இல்லாத தராசுக்கு வழக்குப் போடலாம். இதைக் கையாள்வது 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம்.

வேகத்தை அளக்கும் ரேடார் கருவிகளையும் இதே சட்டத்தின் கீழ் கொண்டுவந்து, சரிபார்த்து முத்திரையிட வேண்டும் என்று மத்திய அரசு 2025-இல் விதி வெளியிட்டது. நல்ல காரியம், தாமதமாக வந்தது. அதற்கு முன்பே, 2021 ஆகஸ்டில், மத்திய மோட்டார் வாகன விதிகளில் 167-ஏ என்ற விதி சேர்ந்தது. வேக கேமரா, ஸ்பீடு கன், டேஷ்போர்டு கேமரா, போலீஸ்காரர் உடம்பில் மாட்டும் கேமரா எல்லாம் அதில் அடக்கம். அப்படிப்பட்ட கருவிக்கு ஒப்புதல் சான்றிதழ் வேண்டும், ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். குற்றம் நடந்த 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். படம், கருவி அளந்த எண், தேதி, நேரம், இடம், மின்னணுச் சான்றுக்கான சான்றிதழ் எல்லாம் சலானோடு இருக்க வேண்டும். வழக்கு முடியும்வரை பதிவை அழிக்கக் கூடாது.

இப்படியாக, கேமராவுக்கு ஒரு பக்கம் விதி, ரேடாருக்கு ஒரு பக்கம் முத்திரை. ஜீப்பின் ஸ்பீடோமீட்டருக்கு மட்டும் ஒன்றுமில்லை. அது வண்டியோடு வந்த மீட்டர். ஓட்டுபவர் தன் வேகத்தைத் தெரிந்துகொள்ள வைத்ததே தவிர, அடுத்தவரைத் தண்டிக்க வைத்ததல்ல. கால் கிலோ இலைக்குக் காட்டும் அக்கறையை ஒருவரின் லைசென்ஸுக்கும் காட்டினால் என்ன என்பதுதான் என் கேள்வி.

லைசென்ஸ் என்று அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. சுற்றுலா வந்தவருக்கு ஆயிரம் ரூபாய் ஒரு ஹோட்டல் பில். பிக்கப் ஓட்டிப் பிழைப்பவருக்கு அப்படியல்ல. சாலைப் பாதுகாப்புக்காக உச்ச நீதிமன்றம் அமைத்த குழு 2015-இல் மாநிலங்களுக்குச் சொன்னது, ஓவர் ஸ்பீடு உள்ளிட்ட சில குற்றங்களுக்கு லைசென்ஸைக் குறைந்தது 3 மாதம் நிறுத்திவைக்க வேண்டும் என்று. 3 மாதம் வண்டி ஓட்டாத டிரைவரின் வீட்டில் என்ன நடக்கும்? அந்த ஆயிரம் ரூபாயை எதிர்த்து கோர்ட்டுக்குப் போவதா வேண்டாமா என்ற கேள்வியை இந்த வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும். ஸ்பாட் ஃபைன் கட்டினால் குற்றத்தை ஏற்றுக்கொண்டதாக ஆகும். வழக்கு அதோடு முடிந்தது, ஆனால் பதிவு நிற்கும்.

டிரைவரை மட்டும் பிடித்தால் போதுமா

183-இல் இன்னொரு உட்பிரிவும் தூங்கிக்கொண்டிருக்கிறது. தன்னிடம் வேலை பார்ப்பவரை வேக வரம்பை மீறி ஓட்ட வைப்பவரும் குற்றவாளி என்கிறது முதல் உட்பிரிவு. நான்காவது உட்பிரிவு அதைவிட ஒரு படி மேலே போகிறது. இவ்வளவு நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும் என்று ஒருவர் கால அட்டவணை போட்டாலோ உத்தரவிட்டாலோ, வரம்பை மீறாமல் அந்த நேரத்தில் போகவே முடியாது என்றால், அந்த உத்தரவே அவருக்கு எதிரான முதல்நிலைச் சாட்சியம்.

'அஞ்சு மணிக்குள்ள இலை ஃபேக்டரிக்கு வந்தாகணும்' என்று போனில் சொன்ன முதலாளி. ஒரே நாளில் ஊட்டி, குன்னூர், கோடநாடு காட்சிமுனை எல்லாம் காட்டிவிட்டு இரவுக்குள் கோவையில் இறக்க வேண்டும் என்று பேக்கேஜ் போட்ட டிராவல்ஸ். இவர்கள் மீது இந்த உட்பிரிவில் வழக்குப் போட்டால் மலை ரோட்டின் வேகம் ஒரே சீசனில் இறங்கிவிடும். சட்டம் இருக்கிறது, பயன்படுத்துவது எளிதாகவும் இருக்கிறது. போனில் வந்த உத்தரவு அழிவதில்லையே.

போலீஸ் பக்கமும் நியாயம் உண்டு

இவ்வளவும் எழுதிவிட்டு, மலையில் வேகம் ஒரு பொருட்டே இல்லை என்பதுபோல நடந்துகொண்டால் அது பொய். 2023 செப்டம்பர் 30 அன்று கடையத்திலிருந்து வந்த சுற்றுலா பஸ் குன்னூர் மரப்பாலம் அருகே பள்ளத்தில் விழுந்து 9 பேர் இறந்ததை இந்த மாவட்டம் மறக்கவில்லை. கல்லட்டி மலைப்பாதையின் 36 வளைவுகளில் வெளியூர் வண்டிகள் ஊட்டியிலிருந்து இறங்கக் கூடாது என்று தடை வந்ததும் அடுத்தடுத்த சாவுகளால்தான். சமவெளியிலிருந்து வரும் டிரைவர் டாப் கியரில் இறங்கி, பிரேக்கையே நம்பி, பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போவது இங்கே பழைய கதை. 'இரண்டாவது கியரில் இறங்கவும்' என்ற பலகைகள் வெறும் அலங்காரத்துக்கு நடப்பட்டவையல்ல.

2022-இல் இந்தியாவில் 4,61,312 சாலை விபத்துகள், 1,68,491 சாவுகள். விபத்து எண்ணிக்கையில் தமிழ்நாடு 64,105 என்ற கணக்கோடு நாட்டிலேயே முதலிடம். மொத்த விபத்துகளில் 72 சதவிகிதத்துக்குக் காரணம் அதிவேகம் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சக அறிக்கை. இந்த 72 எங்கிருந்து வருகிறது? ஸ்டேஷனில் விபத்து அறிக்கை எழுதுபவர் போடும் காரணத்திலிருந்து. விபத்து நடந்து முடிந்தபின் வந்து பார்த்தவர் வேகத்தை அளந்திருக்க முடியாது. 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்' என்பது நம் எஃப்.ஐ.ஆர்.களின் பிள்ளையார் சுழி. 1998-இல் கர்நாடக அரசு எதிர் சதீஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சுட்டிக்காட்டியது: 'அதிக வேகம்' என்பது ஒப்பீட்டுச் சொல், லாரி அதிக வேகத்தில் போனது என்று சொன்னதாலேயே அஜாக்கிரதை நிரூபணமாகிவிடாது.

கண்ணால் கணித்த வேகம் கோர்ட்டில் தோற்பது போலீஸுக்கும் நஷ்டம்தான். உண்மையிலேயே பறந்த ஆளும் அதே ஓட்டை வழியாகத் தப்பிப் போகிறான்.

அதனால் ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். வேகத்தை நிரூபிக்க முடியாது என்று தெரிந்தால் போலீஸ் 183-ஐ விட்டு 184-க்குப் போகலாம். அது ஆபத்தாக ஓட்டிய குற்றம். அதில் எண் தேவையில்லை, ஒற்றைச் சாட்சிக்குத் தடையும் இல்லை. வளைவில் ஹாரன் அடிக்காமல் முந்தினால், ஏறி வரும் வண்டிக்கு வழி விடாமல் இறங்கினால், 30-இல் போனாலும் அது ஆபத்துதான். தண்டனையும் கடுமை, சிறைக்கும் இடமுண்டு. வளைவில் முந்திவிட்டு வேகக் கணக்கைக் காட்டித் தப்ப நினைப்பவருக்கு இந்தக் கட்டுரை உதவாது.

சரி, என்ன செய்யலாம்?

முதலில் சலானைப் படியுங்கள். எந்தப் பிரிவு என்று இருக்கிறதா? எத்தனை கிலோமீட்டர் வேகம் என்ற எண் இருக்கிறதா? எப்படி அளந்தார்கள் என்று இருக்கிறதா? இடம் 'கீழ் கோத்தகிரி ரோடு' என்று மொட்டையாக இருக்கிறதா, எந்த வளைவிலிருந்து எந்த வளைவு வரை என்று இருக்கிறதா? இல்லாத எண்ணைப் பின்னால் எழுதுவது கஷ்டம். இல்லை என்பதைச் செல்போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த இடத்தில் வேகப் பலகை இருக்கிறதா என்று மறுநாளே போய்ப் பாருங்கள். மாநில அரசு ஒரு ரோட்டுக்குத் தனியாக வரம்பைக் குறைத்தால் அறிவிக்கையும் வேண்டும், பலகையும் வேண்டும் என்பது 112-ஆவது பிரிவின் இரண்டாவது உட்பிரிவு. தேயிலைச் செடிக்குள் சாய்ந்து கிடக்கும் பலகையும், சினிமா போஸ்டர் ஒட்டிய பலகையும் கோர்ட்டில் உங்களுக்காகப் பேசும்.

வண்டியில் ஜி.பி.எஸ். டிராக்கர் இருந்தால் அன்றைய பதிவை உடனே எடுத்து வைக்கவும். மின்னணுப் பதிவைக் கோர்ட்டில் கொடுப்பதானால் பாரதிய சாக்ஷ்ய அதிநியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவின்படி சான்றிதழ் சேர்க்க வேண்டும். வக்கீலிடம் சொன்னால் செய்துகொடுப்பார். ஜீப்பின் ஸ்பீடோமீட்டர் எப்போது சோதிக்கப்பட்டது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாயில் கேட்கலாம்.

கோர்ட்டுக்கு எத்தனை முறை அலைய வேண்டும் என்ற பயம் நியாயமானது. ஆனால் 208-ஆவது பிரிவின்படி இந்த மாதிரிச் சின்ன வழக்குகள் சுருக்க விசாரணைக்கு வருபவை. சம்மனில் குறிப்பிட்டால் வக்கீல் மூலம் ஆஜராகலாம். அபராதம் மட்டுமே தண்டனையாக உள்ள குற்றத்தை 6 மாதத்துக்குள் நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்க வேண்டும் என்ற காலவரம்பும் உண்டு. கோத்தகிரியிலேயே குற்றவியல் நடுவர் நீதிமன்றம் இருக்கிறது. ஊட்டிக்கு ஏற வேண்டியதில்லை. வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். பழங்குடியினர், பட்டியல் சாதியினர், பெண்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. கரிக்கையூர்ப் பக்கத்து இருளர் ஊர்களிலிருந்து வண்டி ஓட்ட வரும் இளைஞர்களுக்கு இதை யாராவது எடுத்துச் சொன்னால் நல்லது.

மாவட்டக் காவல்துறைக்கும் ஒரு வேண்டுகோள். ஜீப்பில் ஒரு டேஷ்போர்டு கேமரா மாட்டுங்கள். அது 167-ஏ விதியில் ஏற்கெனவே இடம்பெற்ற கருவிதான். முன் வண்டியின் இடைவெளி மாறியதா இல்லையா என்பதை அது காட்டிவிடும். உங்கள் கான்ஸ்டபிள் கூண்டில் நின்று குறுக்கு விசாரணைக்கு வியர்க்க வேண்டியதில்லை. மலைப்பாதையில் வேகம் பார்ப்பதற்கென்று நேரான சில பகுதிகளை அளந்து குறித்து வையுங்கள். ஜீப்பின் மீட்டரை ஆண்டுக்கு ஒருமுறை சோதித்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். செலவு பெரிதில்லை. அப்படி ஒரு தாள் இருந்தால் எந்த வக்கீலும் உங்களை அசைப்பது சிரமம்.

வாசகர்களுக்கு: நிஜமாகவே வேகமாக ஓட்டியிருந்தால் அபராதத்தைக் கட்டிவிட்டு மெதுவாகப் போங்கள். ஓட்டவில்லை என்றால் கையெழுத்துப் போடும் முன் மரியாதையாக இரண்டு கேள்வி கேளுங்கள். எந்தக் கருவியில் பார்த்தீர்கள் சார்? எத்தனை மீட்டர் தூரம் பின்னால் வந்தீர்கள்? பதில் திருப்தியாக இல்லையென்றால், கோர்ட்டில் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது.